மின்காரும் கல்லடியும்

புதிய காரின் தகட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் பூச்சு. தொழிற்சாலையில் இடப்படும் இந்தப் பூச்சின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்வைக்கு ஒரே அடுக்காகத் தெரியும் இந்தப் பளபளப்புக்குள் ஐந்து அடுக்குகள் உள்ளன. சாலையில் தெறிக்கும் கல் இவற்றில் எதுவரை இறங்குகிறது என்பதைப் பொறுத்தே அந்தக் காயம் வெறும் அழகுக் குறையாக நிற்குமா, துருவாக வளருமா என்பது முடிவாகிறது.

தகடு முதலில் துத்தநாக பாஸ்பேட் கரைசலில் நனைகிறது. ஓரிரு மைக்ரான் தடிமனில் படியும் அந்த நுண்படிகங்கள் அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் தருகின்றன. பிறகு காரின் உடற்கூடு முழுவதும் ஒரு பெரிய தொட்டிக்குள் அமிழ்த்தப்பட்டு, அதன் வழியே மின்சாரம் செலுத்தப்படுகிறது. நீரில் கலந்துள்ள எபாக்சித் துகள்கள் மின்புலத்தால் இழுக்கப்பட்டு, கதவின் உட்குழிவு, பற்றவைத்த மடிப்பு எனத் தெளிப்பான் எட்டாத இடங்களிலும் ஏறத்தாழ 20 மைக்ரான் அளவில் சீராகப் படிகின்றன. தொழிலில் இதை ஈ-கோட் என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவரின் குழு இந்த முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அப்போது கார் நேர்மின்வாயாக இருந்தது. 1970களில் அது எதிர்மின்வாயாக மாற்றப்பட்டது, துருத்தடுப்பும் பெரிதும் உயர்ந்தது. இன்றைய கார்கள் முன்போல நான்கைந்து ஆண்டில் ஓட்டை விழாமல் இருப்பதற்குத் துத்தநாகம் பூசிய தகட்டோடு இந்த அடுக்குக்கும் பெரும்பங்கு உண்டு. ஈ-கோட்டுக்கு மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட். வெயிலின் புற ஊதாக் கதிர்களை வாங்கிக்கொள்வதும் பளபளப்பைத் தருவதும் கிளியர் கோட்டின் வேலை. 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும் அதுதான் அடுக்குகளில் தடிமனானது.

இந்த அடுக்குகள் அடுப்பில் சுடப்படுபவை. ஈ-கோட் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையிலும், மேலுள்ள பூச்சுகள் 140 டிகிரி அளவிலும் வேகின்றன. அந்த வெப்பத்தில்தான் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து இறுகுகின்றன. அப்போது காருக்குள் இருக்கையும் இல்லை, மின்கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை; வெறும் கூடு மட்டுமே அடுப்புக்குள் போகிறது. முழுமையடைந்த கார் மறுபடி அந்த வெப்பத்தைப் பார்க்கப்போவதில்லை. மின்கார் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பான வரம்பு.

கல்லின் கணக்கு

கார் ஓட்டுபவர்கள் பொதுவாகக் கல் வந்து அடித்தது என்றே சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. முன்னால் போகும் லாரியின் டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லும் டயர் ஓரத்தில் நசுங்கித் தெறிக்கும் கல்லும் முதலில் அந்த லாரியின் திசையிலேயே எழும்புகின்றன. தரையில் மோதியும் காற்றில் தடைபட்டும் வேகத்தை விரைவில் இழக்கின்றன. அந்தரத்தில் கிட்டத்தட்ட நின்றுபோன கல்லை நோக்கிப் பின்னால் வரும் கார் தன் முழு வேகத்தோடு பாய்கிறது. ஆகவே மோதலின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது பின்னால் வரும் காரின் வேகம். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி கிளப்பும் கல் மட்டும் விதிவிலக்கு. அது காரை நோக்கியே பறந்து வருவதால் இரு வேகங்களும் கூடிவிடும்.

இயக்க ஆற்றல் எடையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது. கொண்டைக்கடலை அளவுள்ள, ஒரு கிராம் எடையுள்ள கல்லை எடுத்துக்கொள்ளலாம். 40 கிமீ வேகத்தில் மோதும்போது அதன் ஆற்றல் 0.06 ஜூல். 80 கிமீ வேகத்தில் 0.25 ஜூல், அதாவது நான்கு மடங்கு. 100 கிமீ வேகத்தில் 0.39 ஜூல். எண்கள் சிறியவைதான், ஆனால் இந்த ஆற்றல் அடங்கும் தூரம் அதைவிடச் சிறியது. 80 கிமீ வேகத்தில் மோதும் அந்தக் கல் கால் மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், சராசரி விசை 1,000 நியூட்டனை நெருங்கும். 100 கிலோ எடை ஒரு கல்முனையின் மேல் கணநேரம் ஏறி இறங்குவதற்கு அது சமம்.

பூச்சுப் பிசின் மெல்ல வளைத்தால் வளையும், சட்டென்று அடித்தால் உடையும். அடியின் வேகம் கூடக்கூட அது கண்ணாடியின் குணத்துக்குப் போகிறது. குளிரும் அதே வேலையைச் செய்யும். கார் ஆலைகள் பயன்படுத்தும் எஸ்ஏஇ ஜே400 என்ற அமெரிக்கச் சோதனையில், ஏறத்தாழ அரை லிட்டர் கூழாங்கல்லைச் சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு காற்றழுத்தத்தில் பூச்சிட்ட தகட்டின் மேல் வீசி, விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கையையும் அளவையும் பார்த்துத் தரம் சொல்வார்கள். உறைகுளிரிலும் இதைச் செய்து பார்ப்பதுண்டு. கனடாவிலோ நார்வேயிலோ கல்லடிப் புள்ளிகள் அதிகம் விழுவதற்குச் சாலையில் தூவும் மணலும் உப்பும் ஒரு காரணம், பூச்சு குளிரில் நொறுங்குவது இன்னொன்று. திருவனந்தபுரத்தில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. அந்த ஒரு விஷயத்தில் அங்குள்ள கார்கள் கொடுத்துவைத்தவை.

அடியின் கோணமும் முக்கியம். சாய்ந்த பரப்பில் கல் வழுக்கிக்கொண்டு போகும், நேராக நிற்கும் பரப்பில் முழு விசையையும் இறக்கும். அதனால்தான் பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் முதுகு, முன்கண்ணாடிக்கு மேலுள்ள கூரை விளிம்பு ஆகியவை முதலில் அடிவாங்குகின்றன. காரின் சொந்த டயர் கிளப்பும் கல் வேறு இடங்களைத் தாக்கும். கதவுக்குக் கீழுள்ள ஓரப்பட்டை, பின்கதவின் கீழ்மூலை, பின்சக்கர வளைவின் முன்பக்கம் ஆகியவை அதற்கு இலக்கு.

புள்ளியின் நிறம் பார்த்து அதன் ஆழத்தை அறியலாம். கிளியர் கோட் மட்டும் பெயர்ந்திருந்தால் அந்த இடம் மங்கித் தெரியும். சாம்பல் அல்லது வெள்ளை தெரிந்தால் பிரைமரோ ஈ-கோட்டோ இன்னும் மிச்சம் இருக்கிறது, அவசரம் இல்லை. உலோகத்தின் மினுக்கம் தெரிந்தால்தான் கவலை. பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக் என்பதால் அதில் எவ்வளவு ஆழமான புள்ளி விழுந்தாலும் துரு வராது. அதிகம் அடிபடும் இடமே துருப்பிடிக்காத இடமாக அமைந்தது நல்லதாயிற்று.

ஸ்ரீவராகத்துச் சாலைகள்

இந்தக் கணக்கை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க ஸ்ரீவராகத்தை எடுத்துக்கொள்ளலாம். அது திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைப் பகுதியை ஒட்டிய குடியிருப்பு. பெரிய குளத்தோடு கூடிய வராகமூர்த்தி கோயிலால் அதற்கு அந்தப் பெயர். மணக்காடும் வள்ளக்கடவும் பக்கத்தில் இருக்கின்றன, மேற்கே சில கிலோமீட்டரில் அரபிக்கடல். குடியிருப்புக்குள் உள்ள குறுகிய சந்துகளில் எந்தக் காரும் 30 கிமீ வேகத்தைத் தொடுவது கடினம். அங்கே பூச்சுக்கு எதிரி மதிலும் ஸ்கூட்டரின் கைப்பிடியும்தான். அவை ஏற்படுத்துவது கீறல், கல்லடி அல்ல. கல்லடி தொடங்குவது ஈஞ்சக்கல் சந்திப்பில் தேசிய நெடுஞ்சாலை 66-இன் புறவழிச்சாலைக்கு ஏறும்போது. வடக்கே சாக்கை, ஆக்குளம் வழியாக டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம். தெற்கே முட்டத்தறை, திருவல்லம், கோவளம் வழியாக முக்கோலா, அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோடு. முக்கோலாவிலிருந்து காரோடு வரை சாலை கான்கிரீட்டால் ஆனது. கான்கிரீட் பரப்பிலிருந்து தாரைப்போல ஜல்லி பெயர்ந்து வராது. ஆனால் எந்தச் சாலையிலும் லாரியிலிருந்து சிந்திக் கிடக்கும் கல் கல்தான்.

சிந்துவதற்கு இந்தச் சாலையில் நிறையவே இருந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் கட்டுமானம் 2015-இல் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அதன் அலைத்தடுப்புச் சுவருக்குப் பாறை தேவைப்பட்டது. கேரளத்துக் குவாரிகளிலிருந்தும், குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் அந்தப் பாறை வந்து சேர்ந்தது. துறைமுகம் 2025 மே 2-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகும், வீட்டுக் கட்டுமானத்துக்கும் சாலை வேலைக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த ஜல்லியின் கனிமவியலும் பூச்சுக்கு எதிரானது. தென்கேரளமும் குமரி மாவட்டமும் மிகப் பழைய உருமாறிய பாறைகளின் நிலம். இங்கே உடைக்கப்படுபவை பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸ் வகைகளும். சார்னோகைட் என்ற பெயரின் பின்னால் சென்னைத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் கொண்டுபோகப்பட்டது. பிற்காலத்தில் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அதில் உள்ள ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் மோஸ் அளவில் 6, குவார்ட்ஸின் கடினம் 7. கார்த் தகட்டின் மென்னெஃகு அதற்குக் கீழே. ஆற்றுக் கூழாங்கல்லைப்போல் உருண்டு தேய்ந்ததும் அல்ல. குவாரி இயந்திரம் உடைத்த ஜல்லிக்குக் கூரிய விளிம்புகள் உண்டு. மோதும் பரப்பு குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

உப்பு

உலோகம் வரை இறங்கிய புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும் போதும், அங்கே ஒரு மின்வேதிக் கலம் உருவாகிவிடும். நீர், ஆக்சிஜன், உப்பு மூன்றும் சேர்ந்தால் புள்ளியின் நடுவில் இரும்பு கரைகிறது, பூச்சின் விளிம்பையொட்டி ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. அந்தக் காரத்தன்மை பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கிறது. துருவின் கன அளவு அதைத் தந்த இரும்பைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் அது பூச்சை அடியிலிருந்து தூக்கவும் செய்கிறது. வெளியே கடுகளவு தெரியும் புள்ளியைச் சுற்றிச் சில மாதங்களில் கொப்புளம் எழுவதன் காரணம் இதுதான். துத்தநாகம் பூசிய தகட்டில் முதலில் துத்தநாகமே கரைந்து இரும்பைக் காக்கும். பத்து மைக்ரானுக்கு உள்ளான அந்தப் பூச்சு தரும் அவகாசம் பெரிது, ஆனால் முடிவற்றது அல்ல. பானெட் அலுமினியமாக இருந்தால் செந்துரு வராது. பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் இழையிழையாக அரிப்பு பரவும்.

கடலோரக் காற்றின் தனித்தன்மை ஈரத்தில் இருக்கிறது. சோடியம் குளோரைடு படிகம் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். திருவனந்தபுரத்தில் விடியற்காலை ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 75-க்கு மேல்தான். அதாவது மழை பெய்யாவிட்டாலும், யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், ஸ்ரீவராகத்தில் வீட்டு வாசலில் நிற்கும் காரின் மேல் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைந்து வேலை செய்கிறது. உட்புறத்தில் உள்ள வெஞ்ஞாறமூட்டையோ நெடுமங்காட்டையோவிட இங்கே திறந்த புள்ளி வேகமாகத் துருப்பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இடவப்பாதி மழை ஒருவகையில் நல்லது, உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைந்து, மதியம் கடற்காற்று வீசி, இரவில் ஈரம் படியும் மாதங்களே மோசமானவை. அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில், சக்கர வளைவுகளின் உட்புறமும் சேர்த்துக் கழுவுவது விலை உயர்ந்த பல பூச்சுகளைவிடப் பயன் தரும்.

மின்காருக்கு என்ன வேறுபாடு

கேரள அரசு 2019-இல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்கார் சந்தைக்கு வந்தது. அதன்பின் நகரத்தில் மின்கார்களின் எண்ணிக்கை கூடியபடியே இருக்கிறது. மின்காரின் எடை அதிகம், அதனால் கல் பலமாக அடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. மோதலில் கணக்குக்கு வருவது கல்லின் எடையும் வேகமும் மட்டுமே. ஒரு கிராம் கல்லுக்கு முன் 1,200 கிலோ காரும் 1,600 கிலோ காரும் ஒன்றுதான்.

உண்மையான வேறுபாடுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ரேடியேட்டருக்குக் காற்று தேவைப்படும் அளவு குறைவதால் பல மின்கார்களின் முகப்பில் பெரிய கிரில் இல்லை, அந்த இடம் முழுவதும் பூச்சிட்ட பரப்பு. கருப்பு வலை வாங்கிக்கொண்டிருந்த அடியை இப்போது வண்ணப் பரப்பு வாங்குகிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புவிசையைத் தருவதால், ஜல்லி கிடக்கும் சாலையோரத்திலிருந்து வேகமாகக் கிளம்பினால் டயர் கற்களை வாரித் தன் ஓரப்பட்டையின் மேலேயே அடிக்கும். ஆலைகள் இந்தப் பட்டையில் மிருதுவான பிவிசி அல்லது பாலியூரிதேன் கல்லடித் தடுப்புப் பூச்சு இடுவது வழக்கம். தடவிப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். அது குறையல்ல, பாதுகாப்பு.

அடிப்பகுதியில் பேட்டரிப் பெட்டி. நெக்ஸான் உட்படப் பல கார்களில் அது தூசும் நீரும் புகாத ஐபி67 தரத்தில் மூடப்பட்டிருக்கிறது. சாதாரணக் கல்லடி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பழக்கத்தின் காரணமாகப் புதுக் காருக்கு அடிப்பூச்சு அடிக்கும் கடைகள் மின்காரிலும் கீழே முழுவதும் ரப்பர் பூச்சைத் தெளித்துவிடுவதுண்டு. பேட்டரிப் பெட்டியின் அழுத்தம் வெளியேறும் துளை, குளிர்விப்புக் குழாய் இணைப்பு, ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கம்பி இவற்றின் மேல் பூச்சு விழக்கூடாது. உத்தரவாதச் சிக்கலும் வரலாம். தயாரிப்பாளர் சொன்னால் ஒழிய மின்காரின் அடியில் எதையும் தெளிக்காமல் விடுவதே நல்லது.

தடுப்பது எப்படி

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது பழமொழி. புதுக் காரின் முன் எலுமிச்சை கட்டும்போது நினைவுக்கு வருவது அதன் இரண்டாம் பாதி மட்டுமே. முதல் பாதிக்கு மலிவான பரிகாரம் இடைவெளி. முன்னால் போகும் வண்டி கிளப்பிய கல் ஒரு மீட்டர் உயரம் எழுந்தால், மேலே போய்த் திரும்பித் தரையைத் தொட ஏறத்தாழ 0.9 வினாடி ஆகும். 80 கிமீ வேகத்தில் ஒரு கார் அந்த நேரத்தில் 20 மீட்டர் ஓடும். இரண்டு மீட்டர் எழுந்தால் 1.3 வினாடி, 28 மீட்டர். ஓரிரு துள்ளலையும் சேர்த்தால் மூன்று வினாடி இடைவெளி, அதாவது 67 மீட்டர், பெரும்பாலான கற்கள் தரையில் அடங்கிவிடப் போதுமானது. புறவழிச்சாலையில் 67 மீட்டர் விட்டால் அந்த இடத்துக்குள் இரண்டு கார்கள் புகும் என்பது உண்மைதான். டிப்பருக்குப் பின்னால் மட்டுமாவது இதைக் கடைப்பிடிக்கலாம், அல்லது பாதுகாப்பாக முந்திவிடலாம். புதிதாகத் தார் போட்டுச் சிப்ஸ் தூவிய இடத்தில் 60-இலிருந்து 30-க்கு இறங்கினால் கல்லின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். வேக வரம்புப் பலகையின் பின்னால் இருக்கும் இயற்பியல் அவ்வளவே.

சொந்த டயரின் கல்லுக்கு மட்ஃபிளாப். பல மின்கார்கள் காற்றுத்தடையைக் குறைக்கவும் தோற்றத்துக்காகவும் மிகச் சிறிய மட்ஃபிளாப்புடனோ அது இல்லாமலோ வருகின்றன. டயரின் அகலத்தை முழுவதும் மறைக்கும் ஒன்றைப் பொருத்தினால் ஓரப்பட்டையும் பின்கதவும் பெருமளவு தப்பும். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. அலங்காரத்துக்காக வளைவுக்கு வெளியே துருத்தும் அகல டயர் போடுபவர்கள் இதற்கு நேர்எதிரான காரியத்தைச் செய்கிறார்கள்.

அடுத்து, கடைகளில் பிபிஎஃப் என்று சொல்லப்படும் நிறமற்ற பாதுகாப்புப் படலம். அதன் பொருள் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன், தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை. காரின் மொத்தப் பூச்சைவிட இது தடிமன். இதன் மூதாதை வியட்நாம் போர்க்காலத்து ஹெலிகாப்டர்கள். மணலும் சரளையும் சுழலி இறக்கைகளின் முன்விளிம்பை அரித்ததைத் தடுக்க 3எம் நிறுவனம் பாலியூரிதேன் நாடாவை உருவாக்கியது. அங்கிருந்து பந்தயக் கார்களுக்கும், பிறகு சாதாரணக் கார்களுக்கும் வந்தது. காற்றாலை இறக்கைகளின் முன்விளிம்பில் மழைத்துளி அரிப்பைத் தடுக்க இன்றும் இதே குடும்பத்து நாடாக்கள் ஒட்டப்படுகின்றன.

படலம் கல்லைவிடக் கடினமானது அல்ல, மிகவும் மென்மையானது. அதன் பலமே அந்த மென்மைதான். அடிபட்ட இடம் அமுங்கி நீண்டு, விசையை அகன்ற பரப்புக்கும் நீண்ட நேரத்துக்கும் பரப்பிவிட்டு, பிறகு பழைய வடிவத்துக்கு மீள்கிறது. கல் நிற்கும் தூரம் இரட்டித்தால் சராசரி விசை பாதியாகும். மேலுள்ள நுண்ணிய அடுக்கு வெயிலின் சூட்டிலேயே சிறு கீறல்களைத் தானாக மூடிக்கொள்ளும். நல்ல படலம் அலிஃபாட்டிக் வகைப் பாலியூரிதேன். அரோமாட்டிக் வகையும் மலிவான பிவிசியும் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். ஐந்து கிராம் எடையுள்ள கூரிய ஜல்லி 100 கிமீ வேகத்தில் பட்டால் எந்தப் படலமும் கிழியும். அப்போதும் பூச்சின் விளிம்பை ஒட்டிப் பிடித்து உப்புநீரைச் சற்று வெளியே நிறுத்தும்.

முழு வண்டிக்கும் படலம் ஒட்டும் செலவு லட்ச ரூபாயைத் தாண்டக்கூடும். இயற்பியல் அதைக் கேட்கவில்லை. முன்விளிம்பைத் தவிரக் கூரையின் மற்றப் பகுதிக்கும் கதவின் மேற்பகுதிக்கும் கல் வருவது அரிது. பம்பர், பானெட், பக்கக் கண்ணாடியின் முதுகு, ஓரப்பட்டை, பின்சக்கர வளைவின் முன்மூலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் செலவு பெரிதும் குறையும், பாதுகாப்பு பெரிதாகக் குறையாது. பானெட்டில் முன்பாதிக்கு மட்டும் ஒட்டினால் அந்தக் கோட்டில் அழுக்கு சேர்ந்து தெரியும் என்பதால் முழு பானெட்டுக்கும் ஒட்டுவது நல்லது. கணினி வெட்டிக் கொடுக்கும் வடிவங்களைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் மேலேயே கத்தியால் வெட்டினால் பூச்சில் விழும் மெல்லிய கோடு பின்னாளில் துருவின் பாதையாகும். பார்க்கிங் சென்சார்களின் முகத்தைப் படலம் மூடக்கூடாது. சில மின்கார்களில் சார்ஜ் வாசல் முகப்பிலேயே இருப்பதால் அதன் மூடியைச் சுற்றி விளிம்பு மடிக்கும் வேலை கவனமாக இருக்க வேண்டும். ஆலைப் பூச்சு ஏற்கெனவே வெந்து இறுகியது என்பதால் கார் வாங்கிய வாரமே ஒட்டலாம். பட்டறையில் மறுபூச்சு அடித்த பாகமாக இருந்தால் கரைப்பான் முழுவதும் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். கழுவும்போது அழுத்தநீர்க் குழாயைப் படலத்தின் விளிம்புக்கு நெருக்கமாகக் காட்டினால் விளிம்பு எழும்பும்.

செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்காது. சிலிக்கா சார்ந்த இந்தப் பூச்சின் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். 0.25 ஜூலை வாங்கிக்கொள்ள அங்கே பொருளே இல்லை. விளம்பரங்களில் வரும் 9எச் என்ற எண் பென்சில் கடினச் சோதனையைச் சேர்ந்தது. எந்தப் பென்சில் பூச்சைக் கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. குவார்ட்ஸுக்கு 7 தரும் மோஸ் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் செராமிக் பூச்சில் நீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், அழுக்கும் உப்பும் எளிதில் கழன்றுவரும். கடலோரத்தில் அதற்கு ஒரு பயன் உண்டு. அந்தப் பயனுக்காக வாங்கலாம், கல்லுக்காக அல்ல. மெழுகின் கதையும் இதுவே.

விழுந்த புள்ளியை மூடுவது

எவ்வளவு தடுத்தாலும் சில புள்ளிகள் விழும். ஸ்ரீவராகம் போன்ற இடத்தில் உலோகம் தெரியும் புள்ளியைச் சில நாட்களுக்குள் மூடுவது, அது விழாமல் தடுப்பதைவிடவும் முக்கியம் என்று சொல்லலாம். காரின் நிறக் குறியீடு கதவுத் தூண் பட்டையிலோ பானெட்டுக்கு அடியிலோ அச்சிடப்பட்டிருக்கும். அதற்குரிய டச்-அப் குப்பி விற்பனையகத்தில் கிடைக்கும். இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போக மறுபடி கழுவி, உலர்த்தி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். எழும்பி நிற்கும் பூச்சு விளிம்பைப் பல்குச்சி முனையால் நீக்க வேண்டும். உலோகம் தெரிந்தால் முதலில் எபாக்சி அல்லது துத்தநாக பாஸ்பேட் பிரைமர் ஒரு துளி. ஏற்கெனவே செந்துரு தொடங்கியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்த பிறகே பிரைமர். அதன்மேல் நிறம், ஒரே பெரிய துளியாக அல்லாமல் மெல்லிய இரண்டு மூன்று இடுகைகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின். கடைசியில் கிளியர். மழைக்கால ஈரத்தில் செய்தால் பூச்சு வெளுத்துப்போகும். காலை வெயில் ஏறிய பிறகு நிழலில் செய்வது நல்லது. மெட்டாலிக், முத்து நிறங்களில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அருகில் நின்று பார்த்தால் திட்டுத் தெரியும். துரு உள்ளே போகாமல் நிற்கிறதா என்பதே இங்கு அளவுகோல்.

புள்ளிகள் பெருகி முழுப் பாகத்தையும் மறுபூச்சு அடிக்கும் நிலை வந்தால், மின்காரின் வரம்பு குறுக்கே வருகிறது. பட்டறைகள் அடிப்பது இருகூட்டுப் பாலியூரிதேன். கலக்கும் கெட்டிப்பானே அதை இறுகவைக்கிறது, 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் அதை விரைவுபடுத்துகிறது. லித்தியம் பேட்டரி நீண்ட நேரம் தாங்கக்கூடிய சூடும் பொதுவாக அந்த அளவில்தான் நிற்கிறது. எனவே பல தயாரிப்பாளர்கள் பூச்சறையின் சூட்டுக்கும் நேரத்துக்கும் உச்சவரம்பு வைக்கிறார்கள். சூடான அறைக்குப் பதிலாக, அடித்த பாகத்தின் மேல் மட்டும் அகச்சிவப்பு விளக்கைக் காட்டுவது பாதுகாப்பான வழி. பானெட்டையோ பம்பரையோ கழற்றித் தனியாக அடிப்பது இன்னும் எளிது. முன்பக்க ரேடார் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கார்களில் பட்டி பூசித் தடித்த பூச்சு அடித்தால் ரேடாரின் பார்வை மங்கக்கூடும். அங்கே பழுது பார்ப்பதைவிடப் புதிய பம்பர் மாட்டுவது வழக்கம்.

காப்பீட்டில் இந்தச் செலவைக் கேட்கலாம். சாதாரண முழுக்காப்பீட்டில் பெயின்ட் பொருளின் மதிப்பில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. முதல் ஆண்டில் உரிமை கோரினால், அடுத்த ஆண்டுச் சந்தாவில் கிடைக்க வேண்டிய 20 விழுக்காடு கோராமைச் சலுகை போய்விடும். ஐந்தாறு ஆண்டு கோராமல் ஓட்டி 50 விழுக்காட்டுச் சலுகையில் இருப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது. ஒரு பானெட் பூச்சின் கூலி பல நேரங்களில் அதைவிடக் குறைவாகவே வரும்.